புதுப்பிப்பு: வாசல் கதவைக் கழற்றியாச்சு

வாசல் கதவு அடியில் உரசுகிறது, இழைக்க வேண்டும், ஆனால் கீல் ஊசிகள் துருவேறி அசையவே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். நேற்று ஒருவழியாகக் கழற்றிவிட்டோம்.

கதவைச் சாத்தி வைத்துக்கொண்டே செய்யச் சொன்னவருக்குத் தனியாக நன்றி. கைப்பிடிப் பக்கம் அடியில் மெல்லிய ஆப்பு இரண்டு செருகினோம். ஒரு நூல்கூட உயர்த்த வேண்டாம், எடை அதில் உட்கார்ந்தால் போதும். அப்புறம்தான் ஊசி இளக ஆரம்பித்தது. அதுவரை கதவின் பாரமே அதை இறுக்கிப் பிடித்திருந்தது. துருவை இளக்கும் எண்ணெய் முந்தின இரவே விட்டிருந்தோம். கீழிருந்து ஆணியை வைத்துத் தட்டியதும், செம்மண் நிறத்தில் எண்ணெய் கசிந்து ஊசித்தலை மெல்ல எழும்பியது.

அடிக்கீல் முதலில், நடு அடுத்து, மேல்கீல் கடைசி. மேலே முதலில் எடுத்தால் கதவு முன்னால் சாய்ந்து கீழ்க்கீலை முறுக்கிவிடும்.

நடு ஊசி மட்டும் கடைசிவரை மசியவில்லை. அதை விட்டுவிட்டு, மற்ற இரண்டு கீல்களும் கதவைப் பிடித்திருக்கும்படி அவற்றின் ஊசிகளைத் திரும்பச் செருகி, கதவைத் திறந்து, நடுக்கீலின் நிலைப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினோம். திருகுத்தலையில் அடைந்திருந்த பெயின்டை முதலில் சுரண்டியெடுங்கள், இல்லையென்றால் தலை வழுக்கிவிடும்.

தூக்க இரண்டு பேர் கட்டாயம். படுக்க வைக்காமல் நீளவாட்டு விளிம்பில் நிறுத்தி நகர்த்தினோம். திரும்ப மாட்டும்போது மேல்கீல்தான் முதலில்.