மவுண்ட் ரோடு ஸ்பென்சருக்குள் போன நம்ம ஊர்க்காரர்கள்

தருமபுரியிலிருந்து:

மெட்ராஸ் போய் வந்த நம் மாவட்டத்துக்காரர்கள் எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்த கதையைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அதே மவுண்ட் ரோட்டில் (இப்போது அண்ணா சாலை) சிவப்புச் செங்கல்லில் நின்ற பழைய ஸ்பென்சர் கடைக்குள் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்க. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இப்பவே கேட்டு வையுங்க.

இளசுகளுக்காகக் கொஞ்சம்: 1863-ல் சார்லஸ் டுரண்ட் என்ற வெள்ளைக்காரர் ஆரம்பித்த சின்னக் கடை அது. ஜே.டபிள்யூ. ஸ்பென்சர் பின்னால் கூட்டுச் சேர்ந்தார். யூஜின் ஓக்ஷாட் கைக்கு வந்த பிறகுதான் கடை கிடுகிடுவென்று வளர்ந்தது. போக்சன் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த அந்தப் பெரிய கட்டடம் 1895-ல் வந்தது. மளிகை, மருந்து, மது, சுருட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு.

எங்கப்பா வாத்தியார். எழுபதுகளில் ஏதோ ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போனவர் என்னையும் கூட்டிப் போனார். மொரப்பூரில் ராத்திரி ரயில், விடிந்தால் சென்ட்ரல். வேலை முடிந்து ஸ்பென்சர் வாசலுக்கு வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். காவலாளி ஓடி வந்து, "போட்டுக்கிட்டே போங்கய்யா" என்றார். அப்பா மறுபடி மாட்டிக்கொண்டாலும் உள்ளே பூனை மாதிரிதான் நடந்தார். மருந்துப் பிரிவில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினோம். நம்ம கடைவீதியில் ஈயச் சொம்புக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர், அங்கே சொன்ன விலையை எண்ணிக் கொடுத்துவிட்டு ரசீதை நான்காக மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டார். தெரு முழுக்க அந்தத் தெர்மாமீட்டரைத்தான் இரவல் வாங்கிப் போகும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

நான் உள்ளே போனதில்லை அண்ணா. ஆனால் எங்க வீட்டில் ஸ்பென்சர் சுருட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது. தாத்தாவுக்கு யாரோ அதிகாரி கொடுத்ததாம். மெல்லிய மரப்பலகை, மூடி ஒரு துண்டுத் துணியில்தான் தொங்குகிறது, ஒரு மூலையில் ஆணி பெயர்ந்து துரு ஏறியிருக்கிறது. உள்ளே கிஸ்து (நிலவரி) ரசீதுகள், மாந்தோப்புப் பத்திரத்தின் நகல், பாட்டியின் உடைந்த மூக்குத்தி. சுருட்டு தீர்ந்து இத்தனை வருஷமாகியும் திறந்தால் புகையிலை வாசம் லேசாக வருகிறது.

மொரப்பூரிலிருந்து:

1983-ல் நான் மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்பென்சர் எரிந்த சேதி கேட்டு நாலு பேராகப் போனோம். போலீஸ் கிட்டவே விடவில்லை. எதிர்ப்பக்கம் நின்றுதான் பார்த்தோம். என் பக்கத்தில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருத்தர், அங்கே வேலை பார்த்தவர் போல, எந்த இடத்தில் எந்தப் பிரிவு இருந்தது என்று யாரும் கேட்காமலே கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அழவில்லை. சொல்வதை நிறுத்தவும் இல்லை. எங்களால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

ஓசூரிலிருந்து:

எனக்குத் தெரிந்த ஸ்பென்சர், எரிந்த கடை இருந்த இடத்தில் பின்னால் வந்த ஸ்பென்சர் பிளாசாதான். கல்யாணமாகி மெட்ராஸ் போன புதிது, தொண்ணூறுகளின் கடைசி. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவரும் நானும் பஸ் பிடித்துப் போவோம். எஸ்கலேட்டரில் முதல் அடி வைக்க, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு நிற்பேன். அங்கிருந்த மியூசிக் வேர்ல்ட் கேசட் கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கலாம், வாங்கச் சொல்லி யாரும் நச்சரிக்க மாட்டார்கள். ஒரு சுடிதார் துணி எடுக்க மூணு மாடி ஏறி இறங்கி, கடைசியில் ஐஸ்கிரீமோடு திரும்பிய நாளும் உண்டு. ஏ.சி. காற்றுக்கு யார் காசு கேட்டது?

தருமபுரியிலிருந்து:

ஓசூர் அக்கா, நீங்கள் சொன்னதைத்தான் நானும் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பழைய கட்டடம் மாதிரி இனி ஒன்று கட்ட ஆளில்லை, அது போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அது துரைமார்களுக்கும் காசுள்ளவர்களுக்கும் கட்டிய கடை. எங்கப்பா செருப்பைக் கழற்றியது அதனால்தான். 1991-ல் திறந்த பிளாசாவுக்குள்தான் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் நுழைந்தார்கள். பையில் பத்து ரூபாய் இருந்தாலும் சுற்றி வந்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் நான் ஸ்பென்சர் என்பேன்.

காவேரிப்பட்டணம் தம்பி, ஸ்பென்சருக்குத் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. பெட்டியின் அடிப்பக்கத்தில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்க. ரசீதுகளை வேறு உறைக்கு மாற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்க. துடைக்க ஈரத்துணி வேண்டாம், எழுத்து போய்விடும்.

ஸ்பென்சர்காரர்கள் ரயில்வே ஸ்டேஷன்களில் சாப்பாட்டுக் கூடங்களும் நடத்தினார்கள், சோடாவும் போட்டார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய உண்டே, ஜோலார்பேட்டை பக்கம் இருந்தவர்கள் வீட்டில் அந்தக் காலப் பாட்டில், தட்டு ஏதாவது மிச்சமிருந்தால் அடுத்து அவர்கள் எழுதுங்க.