மெடிக்கல் கடையில் விலை கேட்டுத் திகைத்த அனுபவம்: உங்களுக்கும் உண்டா?

தஞ்சைப் பொண்ணு:
சர்க்கரை, பிரஷர் இருக்கிற வீட்டில் மாதச் செலவு எப்படி ஏறுகிறது என்று யாருக்கும் விளக்க வேண்டாம். மெடிக்கலில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரைத்தான் மறக்க முடியவில்லை. ஸ்டென்ட் வைத்தவர். ஒரு மாதத்துச் சீட்டு. கடைத் தம்பி மொத்தத் தொகையைச் சொன்னதும், "எல்லாத்துலயும் அஞ்சஞ்சு வெட்டிக் குடுப்பா" என்றார். தம்பி கத்தரியை எடுத்தான். கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டையை எடுத்தபோது பெரியவர் தடுத்தார். "அத விட்டுடு. சாப்பிட்டாலும் ஒண்ணும் தெரியல." டாக்டர் எடுக்க வேண்டிய முடிவை அவர் பில்லைப் பார்த்து எடுத்தார். கடைக்காரர்களாவது விலை குறைந்த மாத்திரையை எடுத்துக் காட்டக் கூடாதா?

கவுண்டருக்கு உள்ளே:
தங்கச்சி, கடைக்காரர்களைச் சொல்லாதீர்கள். சீட்டில் பிராண்ட் பெயர் எழுதியிருந்தால் நாங்களாக மாற்றிக் கொடுக்க முடியாது. ஒரு அம்மா பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் வைத்து, "அதே மாத்திரைதானே, கொள்ளையடிக்கிறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். விலை நாங்கள் போடுவதில்லை. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு, 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, மொத்த விலைக் குறியீட்டைப் பார்த்து ஏப்ரலில் விலை உச்சவரம்பு மாறும். 2023-இல் 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2024-இல் ஏறவில்லை என்றே சொல்லலாம். பட்டியலில் இல்லாத மருந்துக்கு உச்சவரம்பே கிடையாது, கம்பெனி வருடத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். அரசின் ஃபார்மா சஹி தாம் செயலியில் உச்சவரம்பைப் பாருங்கள். அதைத் தாண்டி விற்றால் ஃபார்மா ஜன் சமாதான் என்ற அரசுத் தளத்தில் புகார் போடுங்கள். டாக்டரிடம் பிராண்ட் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக்) எழுதித் தரச் சொல்லுங்கள், முதல்வர் மருந்தகத்தில் விசாரியுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

லித்தியம் அக்கா:
என் தம்பி மனநிலை ஏற்றத்தாழ்வுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். 2024 அக்டோபரில் அரசு உச்சவரம்பை 50 சதவீதம் உயர்த்திய எட்டு மருந்துகளில் அதுவும் ஒன்று. மூலப்பொருள் விலை ஏறியது, கட்டுப்படியாகாமல் தயாரிப்பை நிறுத்தக் கம்பெனிகள் விண்ணப்பித்தன என்றார்கள். ஏறுவதைவிடக் கிடைக்காமல் போவதுதான் எனக்குப் பயம், அதனால் உயர்வைத் திட்டவும் மனம் வரவில்லை. ஆனால் செய்தியைப் படித்துவிட்டு, "அக்கா, நான் ஒரு வேளை குறைச்சுக்கட்டுமா?" என்று கேட்டான். வேண்டவே வேண்டாம் என்று கத்திவிட்டேன். விலையை மாற்றும்முன் கம்பெனிகளின் விண்ணப்பத்தைப் பார்ப்பவர்கள், மாதாமாதம் வாங்குகிற குடும்பங்களையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

மேலூர்க்காரன்:
கவுண்டர் அண்ணன் சொல்வது சரி, ஆனால் மூலப்பெயர் கேட்டால் எல்லா டாக்டரும் எழுதுவதில்லை. நான் கேட்டதற்கு, "அப்ப நீங்களே வைத்தியம் பாத்துக்குங்க" என்று சீட்டைத் திருப்பி வைத்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ஒன்றும் பேசாமல் அதே பிராண்டை வாங்கி வந்தேன். புகார் போடச் சொல்கிறீர்கள். உச்சவரம்பே இல்லாத மருந்துக்கு, எதைத் தாண்டி விற்றார்கள் என்று எழுதுவது?