1985 பேஸ்பால் உலகத் தொடரை அம்பயர் திருடிக் கொடுத்தாராம்! (சீனு அண்ணன் கவனத்துக்கு)

ராயல்_ரங்கன்:
பக்கத்துத் திரியில நம்ம சீனு அண்ணன் போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கார்: "85 தொடர் கார்டினல்ஸுக்குச் சேர வேண்டியது. டென்கிங்கர் திருடி ராயல்ஸ் கையில கொடுத்தார்." உலகத் தொடர்னா அமெரிக்க பேஸ்பால் இறுதிப் போட்டி, முதல்ல நாலு ஆட்டம் ஜெயிக்கிறவங்களுக்குக் கோப்பை. கார்டினல்ஸ் செயின்ட் லூயிஸ் டீம், ராயல்ஸ் எங்க கேன்சஸ் சிட்டி டீம், டென்கிங்கர் அம்பயர். 2006, 2011னு ரெண்டு கோப்பை தூக்கின பிறகும் செயின்ட் லூயிஸ்காரங்க ஒப்பாரி ஓயலை. அதான் தனித் திரி.

அக்டோபர் 26, ஆறாவது ஆட்டம், கேன்சஸ் சிட்டி. தொடர்ல கார்டினல்ஸ் 3-2 முன்னால. ஆட்டத்துலயும் 1-0. ஒன்பதாவது இன்னிங்ஸ் கீழ்ப்பாதி, அதாவது எங்க ராயல்ஸோட கடைசி பேட்டிங் முறை. (நாலு பேஸையும் சுத்தி வந்தாத்தான் ஒரு ரன்.) எங்க ஹோர்ஹே ஓர்டா உருட்டி விட்ட பந்தை கார்டினல்ஸோட ஜாக் கிளார்க் எடுத்து, முதல் பேஸுக்கு ஓடி வந்த பிட்சர் (பந்து வீசுறவர்) வொரெல் கைக்கு எறிஞ்சார். டென்கிங்கர் சேஃப்னு (அவுட் இல்லைன்னு) கையை விரிச்சார். தப்பான தீர்ப்பு, நானே ஒத்துக்கறேன். ஆனா அந்த ஓர்டா கடைசியில என்ன ஆனார்? எங்க சண்ட்பெர்க் பன்ட் (பேஸ்ல நிக்கிறவங்களை நகர்த்த மட்டையால மெல்லத் தட்டுறது) அடிச்சப்போ மூணாவது பேஸ்ல அவுட். ஓர்டா ரன் எடுக்கலை. மறுபடி சொல்றேன், ஓர்டா ரன் எடுக்கலை. ஜெயிச்சுக் கொடுத்த ரெண்டு ரன்னும் கான்செப்சியோன், சண்ட்பெர்க் எடுத்தது. இதுல எங்க வந்தது திருட்டு?

செயின்ட்லூயிஸ்_சீனு:
ரங்கா, திரி ஆரம்பிக்கிற அவசரத்துல ஒண்ணாங்கிளாஸ் கணக்கை விட்டுட்டீங்க. ஓர்டா மூணாவது பேஸ்ல அவுட்டானது முதல் அவுட். நியாயமாப் பார்த்தா அந்த நேரத்துக்கு ஓர்டாவே அங்க இருக்கக் கூடாது. முதல்லயே அவுட் கொடுத்திருந்தா பேஸ்ல ஆளே கிடையாது. அடுத்து வந்த பால்போனி சிங்கிள் (முதல் பேஸ் வரைக்கும் போற அடி) அடிச்சாலும் அவர் ஒருத்தர்தான் நிப்பார். அந்த நிலைமையில சண்ட்பெர்க் எதுக்குப் பன்ட் அடிக்கப் போறார்? மொத்த இன்னிங்ஸுமே வேற மாதிரி போயிருக்கும். 22 வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ராயல்_ரங்கன்:
22 வருஷம்னா நீங்க வந்து சேர்றதுக்குள்ள அந்தத் தொடர் முடிஞ்சு போயிருக்கும் அண்ணே. ஊர்ல இருந்தா மட்டும் ஓர்டா ரன் எடுத்ததா ஆயிடாது.

"இருந்திருந்தா, போயிருந்தா" கணக்கெல்லாம் அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பாங்கற கதை. பால்போனி முதல்ல என்ன அடிச்சார்? டக்அவுட் (வீரர்கள் உட்கார்ற இடம்) பக்கம் ஒரு ஃபவுல் பந்து (கோட்டுக்கு வெளிய போறது, தரையில விழாமப் பிடிச்சா அவுட்), அண்ணாந்து நின்னாலே கைக்கு வர்ற பந்து. கிளார்க் கோட்டை விட்டார். அடுத்து சிங்கிள், அவருக்குப் பதிலா ஓட வந்தவர்தான் கான்செப்சியோன். கிளார்க்கைத் தடுத்தது டென்கிங்கரா? அப்புறம் உங்க கேட்சர் (பிட்சர் வீசுறதைப் பிடிக்கிறவர்) போர்ட்டர் பந்தைப் பின்னால விட்டார், பேஸ்ல நின்ன எங்க ரெண்டு பேரும் ஒவ்வொரு பேஸ் நகர்ந்தாங்க. போர்ட்டர் அதுக்கு முன்னால எங்க ஆள், 1980 வரைக்கும். எங்க மக்ரேக்கு வேணும்னே வாக் (அடிக்க விடாம முதல் பேஸுக்கு அனுப்பறது) கொடுத்தாங்க. கடைசியா எங்க டேன் ஓர்ஜ், 82ல உங்க கோப்பையில பங்கு வச்சிருந்த ஆள், வலது பக்கம் ஒண்ணு தட்டினார். ரெண்டு ரன். 2-1. சோலி முடிஞ்சது. பட்டியல்ல ஓர்டா பேர் இருக்கா? இல்லை.

பாப்கார்ன்_பாண்டி:
ஓர்டா யாரு, ஓர்ஜ் யாருண்ணே? ரெண்டு தடவை படிச்சும் ஒரே ஆள் மாதிரிதான் இருக்கு.

செயின்ட்லூயிஸ்_சீனு:
கிளார்க் கோட்டை விடலை. பந்தைத் தொடவே இல்லை. அதுக்கு எர்ரர் (ஃபீல்டர் தப்பு) கூடப் போடலை, ஸ்கோர் ஷீட்டைப் பாருங்க.

ராயல்_ரங்கன்:
தொடாம விட்டதைத்தான் எங்க ஊர்ல கோட்டை விட்டதுன்னு சொல்றது.

மிசூரி_மீனா:
நான் ரெண்டு ஊருக்கும் நடுவுல, ஐ-70 சாலையோரம் குடியிருக்கறவ. அந்தச் சாலையோட பேரைத்தான் அந்தத் தொடருக்கு வச்சிருக்காங்க. ஒரு சந்தேகம் மட்டும். திருட்டுன்னு எதைச் சொல்றீங்க? தெரிஞ்சே செஞ்சதையா, கண்ணு தப்பினதையா? அதைப் பேசிட்டு மேல போகலாமே.

ராயல்_ரங்கன்:
மீனாக்கா, திருட்டுன்னு கேட்டீங்களே, நிஜத் திருட்டு ஒண்ணு அதே ஆட்டத்துல இருக்கு. நாலாவது இன்னிங்ஸ்ல எங்க ஃப்ராங்க் வைட் ரெண்டாவது பேஸைத் திருட (பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்குப் போக) ஓடினார். ரீப்ளேல சேஃப் மாதிரிதான் தெரியும், அவுட் கொடுத்துட்டாங்க. பின்னாடியே ஷெரிடன் சிங்கிள். ஒரு ரன் போச்சு. அதுக்கு யாராவது 40 வருஷம் மூக்கைச் சிந்தினாங்களா?

நாலாம்ஸ்லிப்:
உங்கள் ஊர் அம்பயர் பரவாயில்லை. 2008 சிட்னி டெஸ்ட்டில் சைமண்ட்ஸ் 30 ரன்னில் இஷாந்த் பந்தை விளிம்பில் தொட்டார், அம்பயர் பக்னர் கண்டுகொள்ளவில்லை. வலி என்றால் அது.

ராயல்_ரங்கன்:
நல்லா எடுத்துக் கொடுத்தீங்க. சைமண்ட்ஸ் தப்பிச்சு எவ்வளவு அடிச்சார்? 162 நாட் அவுட். ஓர்டா தப்பிச்சு எவ்வளவு? பூஜ்யம்.

செயின்ட்லூயிஸ்_சீனு:
கிரிக்கெட்டை இங்க இழுக்காதீங்க. இந்த நாலாம்ஸ்லிப்புக்கு எல்லாத் திரியிலயும் இதே வேலை. போன மாசம் ஹாக்கித் திரியிலயும் வந்து சிட்னியைப் பத்தி அழுதார்.

நாலாம்ஸ்லிப்:
அந்த ஹாக்கித் திரியில் தவறான வருடத்தை எழுதிவிட்டு, நான் சுட்டிக்காட்டியதும் பதிவையே அழித்தவர் யார் என்று சொல்லட்டுமா?

செயின்ட்லூயிஸ்_சீனு:
அது எழுத்துப் பிழை. சரி, ஏழாவது ஆட்டத்துக்கு வாங்க. முந்தின நாள் எங்களைக் கவுத்த அதே டென்கிங்கர் ஹோம் ப்ளேட் பின்னால, ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்பு சொல்ற இடத்துல. எந்த டீம் நிதானமா ஆடும்? எங்க மேனேஜர் ஹெர்சாக், பிட்சர் ஆண்டூஹார் ரெண்டு பேரையும் ஆட்டத்தை விட்டு வெளிய அனுப்பினார். அது போக, எங்க கோல்மன் தொடர்லயே இல்லை. அந்த வருஷம் 110 பேஸ் திருடினவர். ப்ளேஆஃப்ல தார்ப்பாய் சுத்துற இயந்திரத்துல கால் மாட்டிக்கிச்சு.

ராயல்_ரங்கன்:
அந்தத் தார்ப்பாயையும் டென்கிங்கர்தான் உருட்டினாரா?

ஏழாவது ஆட்டம் 11-0 அண்ணே. பதினொண்ணு. டென்கிங்கர் எத்தனை அடிச்சார்? 21 ஆட்டம் ஜெயிச்ச உங்க பிட்சர் டியூடர் மூணாவது இன்னிங்ஸைத் தாண்டலை. உள்ளே போய் மின்விசிறியைக் குத்திக் கையைக் கிழிச்சுக்கிட்டார். எங்க பிட்சர் சேபர்ஹேகனுக்கு 21 வயசு, முந்தின நாள்தான் பிள்ளை பிறந்தது, வந்து ஒரு ரன் விடாம முடிச்சார். ஏழு ஆட்டத்துல நீங்க எடுத்தது மொத்தம் 13 ரன். பேட்டிங் சராசரி .185. அதை வச்சுக்கிட்டுக் கோப்பை கேக்கறீங்க. முதல் ரெண்டு ஆட்டத்தையும் சொந்த மைதானத்துல தோத்துட்டு ஜெயிச்ச முதல் டீம் நாங்க. அதைப் பத்தி ஒரு வார்த்தை வராது, ஓர்டா ஓர்டான்னு ஜபம்.

பாப்கார்ன்_பாண்டி:
ஓர்டான்னு நீங்கதாண்ணே எட்டு தடவைக்கு மேல எழுதியிருக்கீங்க. எண்ணிப் பார்த்தேன்.

மிசூரி_மீனா:
என் கேள்விக்கு யாரும் வாயைத் திறக்கலை. போகட்டும். ஆட்டம் முடிஞ்சப்புறம் செயின்ட் லூயிஸ் வானொலியில ரெண்டு பேர் டென்கிங்கரோட ஃபோன் நம்பரையும் வீட்டு முகவரியையும் வாசிச்சாங்க. கொலை மிரட்டல் வந்தது அந்த மனுஷனுக்கு. அதுல பெருமைப்பட என்ன இருக்கு?

செயின்ட்லூயிஸ்_சீனு:
ரெண்டு பேர் செஞ்சதுக்கு மொத்த ஊரையும் கேவலப்படுத்தாதீங்க மீனா. 2005ல எங்க ஊர் விழாவுக்கு டென்கிங்கரைக் கூப்பிட்டு ஹெர்சாக் கையால பரிசு கொடுத்தாங்க, தெரியுமா?

ராயல்_ரங்கன்:
என்ன பரிசுன்னும் சொல்லுங்க. பிரெய்ல் கைக்கடிகாரம்! கண்ணு தெரியாதுன்னு குத்திக் காட்டினது மரியாதையா?

செயின்ட்லூயிஸ்_சீனு:
அது தமாஷ். உங்களுக்கெல்லாம் தமாஷும் புரியாது, கணக்கும் புரியாது. எனக்கு வேற வேலை இருக்கு. இந்தத் திரியில இதுதான் என் கடைசிப் பதிவு.

ராயல்_ரங்கன்:
போறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி. ஓர்டா ரன் எடுத்தாரா, இல்லையா?

நாலாம்ஸ்லிப்:
ஹாக்கித் திரியின் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமானால் போடுகிறேன்.

செயின்ட்லூயிஸ்_சீனு:
கிளார்க் அந்தப் பந்தைத் தொடவே இல்லை.