மாற்றக் காலத்தில் ஒரு சமூகத்தின் மீள்திறனை எதைக் கொண்டு அறிவது?

தும்பை:
பெரிய ஆலை ஒன்று மூடப்பட்ட பின் அதை நம்பியிருந்த குடியிருப்பு எவ்வாறு தாக்குப்பிடிக்கிறது என்பதை ஆராயும் குழுவில் இருக்கிறேன். வருமானம், உடல்நலம், மனநிறைவு பற்றி வீடுவீடாகக் கேட்டு எழுதியிருக்கிறோம். வேலையிழந்த வீடுகள் பலவற்றில் மனநிறைவு மதிப்பெண் நாங்கள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. இதை மீள்திறன் என்று எழுதிவிடலாமா? தனிமனிதர்களின் விடைகளைக் கூட்டிச் சராசரி கண்டால் அது சமூகத்தின் நலம் ஆகிவிடுமா?

மருதம்:
ஆகாது என்பதே என் கருத்து. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தனர். வீடிழந்தோருக்கான தற்காலிகக் குடியிருப்புகளை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை தந்து, குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் பல ஆண்டுகளாக அருகருகே வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறியதால், தனியே இறந்துகிடந்து பின்னரே கண்டறியப்பட்ட முதியோர் பலர். 2004இல் அதே நாட்டின் சூயெட்சு பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் ஒரே ஊராரைச் சேர்த்தே குடியமர்த்த முயன்றதற்கு இந்தப் படிப்பினையும் ஒரு காரணம். ஆகவே, ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் முதலில் அறிபவர் யார் என்று கேளுங்கள். மனநிறைவு மதிப்பெண்ணைவிட அந்த விடை அதிகம் சொல்லும்.

குறிஞ்சி:
உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஆஸ்திரியாவின் மரியன்தாலில் நடந்தது. நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்த நிலையில், மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸெய்ஸல் ஆகியோரின் குழு 1930களின் தொடக்கத்தில் அவ்வூரை ஆராய்ந்து 1933இல் முடிவுகளை வெளியிட்டது. வினாத்தாளோடு நில்லாமல், தெருவில் ஆண்கள் எவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்பதைக்கூடக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு குறித்தார்கள். நேரம் மிகுந்திருந்தும், கட்டணம் நீக்கப்பட்டிருந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. உதவித்தொகை பெற்றுக்கொண்டே அடுத்த வீட்டுக்காரர் வேலை செய்கிறார் என்ற புகார்கள் பெருகின. அவற்றுள் பெரும்பாலானவை பொய்யானவை.

உங்கள் மதிப்பெண் புதிருக்கு விடையும் அங்கேயே இருக்கலாம். பெரும்பாலான குடும்பங்களை அவர்கள் நம்பிக்கை இழந்து அரற்றுபவை என்று வகைப்படுத்தவில்லை. வீட்டை ஒழுங்காக நடத்தி, குழந்தைகளைக் கவனித்து, ஆனால் எதிர்காலத்தைப் பற்றித் திட்டமோ எதிர்பார்ப்போ இன்றி அடங்கிப்போனவை என்றே வகைப்படுத்தினார்கள். ஆசைகள் சுருங்கிவிட்டால் மனநிறைவு மதிப்பெண் குறையாமலே இருக்கும். அடுத்த ஆண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்ற ஒரு கேள்வி உங்கள் வினாத்தாளில் இருக்கிறதா?

பாலை:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் உறவுகளைப் போற்றும் வேகத்தில் பணத்தை மறந்துவிடக் கூடாது. மரியன்தாலிலும் தளராதவை என்று வகைப்படுத்தப்பட்ட குடும்பங்களின் சராசரி வருமானம் கூடுதலாகவும், அடங்கிப்போனவற்றையும்விட மோசமாகச் சோர்ந்து ஒடுங்கியவற்றின் வருமானம் மிகக் குறைவாகவும் இருந்தது. அப்படியிருக்க, மக்கள் தாமே மீண்டெழுவார்கள் என்று அறிக்கையில் எழுதினால், உதவித்தொகையை வெட்ட நினைப்பவருக்கு அதுவே சான்றாகிவிடும். (இத்தகைய அறிக்கைகள் முதலில் யார் மேசைக்குப் போகின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.)

தும்பை:
அடுத்த ஆண்டைப் பற்றிய கேள்வி எங்களிடம் இல்லை, சேர்க்கிறோம். ஊரைவிட்டே சென்றவர்களை எப்படிக் கணக்கில் கொள்வது?

குறிஞ்சி:
கட்டாயம் கொள்ள வேண்டும். துடிப்புள்ள இளையோர் முதலில் வெளியேறினால், எஞ்சியோரை மட்டும் அளந்து ஊர் தளர்ந்துவிட்டது என்பதும் தவறு; மிகவும் நொடித்தோர் வெளியேறியிருந்தால், ஊர் தேறிவிட்டது என்பதும் தவறு. பூட்டிய வீடுகளைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். அங்கிருந்தோர் எங்கே, எதற்காகச் சென்றார்கள், ஊரோடு இன்னும் தொடர்பில் இருக்கிறார்களா என்பதை அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். அண்டை வீட்டாருக்கே தெரியவில்லை என்றால், அதையும் ஒரு விடையாகவே குறித்துக்கொள்ளுங்கள்.