உதவி: மாருதி 800 ஆயில் லீக், கியர்பாக்ஸை இறக்கணுமா?

தெப்பக்குளத்தான்
அவசரம். வண்டியில் ஆயில் லீக். காலையில் எடுத்தால் தரையில் கறுப்பாகத் திட்டு. மெக்கானிக் பார்த்துவிட்டு, "பேக் சீல் (எஞ்சினின் கியர்பாக்ஸ் பக்கம் ஆயிலைத் தடுக்கும் ரப்பர்) போயிருச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்கிறார். பெரிய செலவு. அடுத்த வாரம் குடும்பத்தோடு அழகர்கோவில் போகணும். இறக்கச் சொல்லவா?

மேலூர் டீசல்
800 என்று மட்டும் போட்டிருக்கீங்க. எந்த வருஷம்? பழைய கார்புரேட்டர் வண்டியா, பின்னால் வந்த எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியா?

ஒத்தக்கடை
எந்தப் பக்கம் சொட்டுது? பெல்ட் பக்கமா, கியர்பாக்ஸ் பக்கமா? அளவு பார்க்கும் ஸ்டிக்கில் ஆயில் எவ்வளவு நிக்குது? புகை வாடை வருதா?

பழைய பிஸ்டன்
மாடல், கிலோமீட்டர், எந்த ஆயில் என்று எழுதிவிட்டுக் கேட்கணும் தம்பி. எத்தனை பேருக்குத்தான் சொல்வது? பழைய எஞ்சினுக்கு 20டபிள்யூ50 என்ற கெட்டி ஆயில் ஊற்றுங்க, லீக் நிற்கும். நம்ம ஊர் வெயிலுக்கு அதுதான் சரி.

தெப்பக்குளத்தான்
1996, கார்புரேட்டர். கியர்பாக்ஸ் பக்கம். ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. வாடை இல்லை.

வைகைக்கரை
அண்ணே, கியர்பாக்ஸில் கை வைக்க விடாதீங்க. இந்த எஞ்சினில், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், ஹெட்டின் (எஞ்சின் மேல்பகுதி) கியர்பாக்ஸ் பக்கக் கடைசியில் இருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்துபோனால் ஆயில் கசிந்து, கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் பெல் ஹவுசிங் மேலேயே இறங்கும். கீழே படுத்துப் பார்க்கிறவருக்கு அசல் பேக் சீல் லீக் மாதிரியே தெரியும். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங் போனாலும் இதே கதைதான்.

டீசலும் பிரஷ்ஷும் வைத்து மேலிருந்து கீழ்வரை சுத்தமாகக் கழுவுங்க. நன்றாகக் காய்ந்ததும் சந்தேகப்படுகிற இடமெல்லாம் முகப்பவுடர் தூவி, வண்டியை ஐடிலில் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்க. பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் இடம். மேலே எல்லாம் காய்ந்திருந்து, பெல் ஹவுசிங்குக்கு அடியில் மட்டும் ஈரம் வந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினால், அது உட்கார்ந்திருக்கும் நிலையை முதலில் கோடு கிழித்துக்கொள்ளச் சொல்லுங்க. இல்லாவிட்டால் டைமிங் (பிளக்கில் பொறி வரும் நேரம்) மாறிவிடும். எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் பைப் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கணும். அது அடைத்தால் உள்ளே பிரஷர் ஏறி, புது சீல் போட்டாலும் ஆயிலை வெளியே தள்ளும்.

மேலூர் டீசல்
பிஸ்டன் அண்ணே, கெட்டி ஆயில் ஊற்றினால் சொட்டுவது கொஞ்சம் குறையலாம். காய்ந்துபோன ரப்பர் அதனால் சரியாகிவிடுமா?

பழைய பிஸ்டன்
நான் டாக்ஸி ஓட்டிய வண்டிக்கெல்லாம் அதுதான். நீங்கள் டீசல்காரர், உங்களுக்கு இது புரியாது.

மேலூர் டீசல்
டீசலோ பெட்ரோலோ, சீல் ரப்பர் ஒன்றுதானே? கம்பெனி புத்தகத்தில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதை ஊற்றச் சொல்லுங்க.

ஒத்தக்கடை
ஆயில் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்க. தெப்பக்குளத்தாரே, டேப்பெட் கவரைத் திறந்தால் சிலிக்கான் பேஸ்டை அள்ளி அப்ப விடாதீங்க. உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து விழுந்து ஆயில் ஸ்ட்ரெய்னரை (வடிகட்டியை) அடைக்கும். லீக் நிற்கவில்லை என்று போல்ட்டையும் முறுக்கக்கூடாது, கவர் வளைந்துவிடும். அதுவரை ஸ்டிக்கைப் பார்க்காமல் வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க.

பழைய பிஸ்டன்
20டபிள்யூ50 பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தெப்பக்குளத்தான்
பவுடர் போட்டுப் பார்த்தாச்சு. டிஸ்ட்ரிபியூட்டர்தான். பழைய ரிங் நகம் பட்டதும் உடைந்தது. புதுசு போட்டபின் தரை காய்ந்து கிடக்கிறது. வைகைக்கரை தம்பிக்கு நன்றி. பிரீதர் இன்னும் பார்க்கவில்லை.