குளிர்க்காயமா, குளிர்க்கன்றலா?

வணக்கம்.

உறையாத குளிரிலேயே பழம் கெட்டுப்போவதை ஆங்கிலத்தில் 'சில்லிங் இன்ஜுரி' என்பார்கள். அதற்குத் தமிழில் 'குளிர்க்காயம்' போதும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் காயம்பட்ட பழம் என்றால் கீழே விழுந்து நசுங்கியது, அல்லது பழம் பறிக்கும் கொக்கத்தடி கிழித்தது. குளிர் செய்கிற வேலை வேறு.

போன ஆனியில் முற்றிய கறுத்தக்கொழும்பான் மாங்காய் ஒரு பெட்டியை, தெரிந்தவர் ஒருவரின் குளிரறையில் 5 பாகை செல்சியசில் வைத்தேன். என் அவசரப் புத்திதான். பத்து நாள் கழித்து எடுத்தபோது பார்க்க அருமை. வெளியே வைத்த இரண்டாம் நாள் தோலில் சாம்பல் திட்டுகள், ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள். மூக்குப் பக்கம் மஞ்சள், காம்புப் பக்கம் பச்சையாகவே இறுகிக் கிடந்தது. வெட்டினால் கறுத்தக்கொழும்பானுக்குரிய வாசமே இல்லை.

அது உறையவில்லை. பழம் உறைய வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே போகவேண்டும். அதற்கு 'உறைபாதிப்பு' என்று தனிச்சொல் இருக்கட்டும். இங்கே பழத்தின் கலங்களைச் சூழ்ந்திருக்கும் மென்சவ்வின் கொழுப்பு குளிரில் இறுகி, சவ்வு கசியத் தொடங்குகிறது. பிரிந்திருந்த நொதியமும் பீனோல்கள் என்ற வேதிப்பொருள்களும் சந்திக்க, தோல் கறுக்கிறது. அப்பிள் 0 பாகையை ஒட்டி மாதக்கணக்கில் தாங்கும். முற்றிய மாங்காய்க்கு 13 பாகையளவு வேண்டும், வாழைக்கு 13 முதல் 14. குளிரடித்த வாழைக்காயின் தோலை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பழுப்பு நரம்பு ஓடியிருக்கும். அப்புறம் பழுக்கவைக்க எத்தனை முறை புகை போட்டாலும் அந்தக் குலை பளிச்சென்று மஞ்சளாகாது.

'குளிர்வெம்பல்' என்ற முன்மொழிவு எனக்குப் பிடித்திருந்தது. ஒழுங்காகப் பழுக்காமல் போவதை அது பிடிக்கிறது. ஆனால் வெம்பலுக்குள் வெம்மை இருக்கிறதே! குளிரையும் வெக்கையையும் ஒரே சொல்லில் கட்டிவைத்தால் மாணவர் சிரிப்பார்கள்.

ஆகவே 'குளிர்க்கன்றல்'. வெயிலில் முகம் கன்றுகிறது, அடிபட்ட இடம் கன்றுகிறது. வெட்டோ கிழிசலோ இல்லாமல் நிறம் மாறிக் கெடுவதுதான் கன்றல். வேறு காரணங்களாலும் கன்றுமே என்றால், அதற்காகத்தான் முன்னால் குளிர். நடுவில் 'க்' கட்டாயம் வேண்டும். 'குளிர்கன்றல்' என்று எழுதினால் வினைத்தொகையாகி, கன்றலே குளிர்கிறது என்று ஆகிவிடும்.

உறையில் பொதியிட்டால் இந்தக் கேடு குறையுமா என்று கேட்ட தம்பிக்கு: பொலித்தீன் உறை ஈரப்பதத்தைப் பிடித்துவைப்பதால் குழி விழுவது குறையும். ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டுக் கூடுவதால் பழுப்பதும் பிந்தும். ஆனால் துளையே இல்லாமல் இறுகக் கட்டினால் பழம் மூச்சுத் திணறிக் கள்வாசம் அடிக்கும். 5 பாகையின் கேட்டை எந்த உறையும் முழுதாகத் தடுக்காது. உறைக்குள் வளியின் கலவை இப்படி மாறியிருப்பதைச் சொல்லும் 'மொடிஃபைட் அட்மொஸ்பியர்' என்பதற்கு 'மாற்றிய வளி' சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

கன்றலில் எனக்குப் பிடித்தது அதிலுள்ள வினை. பெட்டியின்மேல் 'குளிர்க்காயம் ஏற்படலாம்' என்று அச்சடித்தால் லொறிக்காரர் அதன்மேலேயே தேத்தண்ணிக் கோப்பையை வைப்பார். '13 பாகைக்குக் கீழே வைத்தால் கன்றும்' என்று போட்டுப் பாருங்கள்.