எலாஸ்டோலின் தலைவர் பொம்மை: காலில் விரிசல், அசல்தானா?

கேள்வி:
1930களின் ஹிட்லர் பொம்மை, 7 செ.மீ. அளவு, அடியில் எலாஸ்டோலின் என்ற எழுத்து. சல்யூட் அடிக்கும் கை தோளில் அசைகிறது. இடது காலில் நீள விரிசல், ஓரத்தில் பழுப்புக் கறை. ஈரத்துணியால் துடைக்கலாமா? அசலா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 1:
ஈரத்துணி வேண்டவே வேண்டாம். ஜெர்மனியின் ஹவுஸர் நிறுவனம் எலாஸ்டோலின் என்ற பெயரில், மரத்தூள், பசை, கயோலின் (வெள்ளைக் களிமண்), ஆளிவிதை எண்ணெய் கலந்த மாவை இரும்புக் கம்பி மேல் அச்சில் அழுத்திச் செய்த பொம்மை இது. தண்ணீர் பட்டால் பசை இளகி மாவு உப்பும். அந்தப் பழுப்பு, உள்ளே கம்பியில் பிடித்த துரு. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும், அதனால்தான் உள்ளிருந்து பிளக்கிறது. மேலே மட்டும் அடைத்தால் பக்கத்தில் இன்னொரு விரிசல் வரும். முதலில் ஈரப்பதத்தை 45–50 சதவீதத்தில் நிறுத்துங்கள். மூடிய கண்ணாடிப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஆனால் ஈரப்பத மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரேயடியாக உலர்த்தினால் மாவு சுருங்கி வெடிக்கும். தூசிக்கு உலர்ந்த மென்தூரிகை.

பதில் 2:
அடி எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அசலிலிருந்து அச்செடுத்து ரெசினில் வார்த்தால் எழுத்தும் சேர்ந்தே வரும், கொஞ்சம் மழுங்கலாக. காலருகே சின்ன காந்தத்தை நூலில் தொங்கவிடுங்கள். கம்பி இருந்தால் சாயும். சாயாவிட்டால் சந்தேகப்படலாம், சாய்ந்தால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. புற ஊதா விளக்கில் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் பிற்காலப் பெயின்டாக இருக்கலாம்.

தலைவர் பொம்மைகள் சிலவற்றுக்குப் பீங்கான் தலை உண்டு, தொட்டால் குளிரும். மாற்றுத் தலை ஒட்டிய ஏமாற்று இங்கேதான் அதிகம். லென்ஸ் வைத்துக் காலர் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள்: பழைய பெயின்டின் நுண்வெடிப்பு கழுத்துக்கருகே திடீரென நின்றுபோனால், அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
காந்தம் சாய்கிறது. விரிசலுக்கு சூப்பர் குளூ?

பதில் 1:
கூடாது, பிறகு பிரிக்க முடியாது. பாராலாய்டு பி-72 (அருங்காட்சியகங்களில் பயன்படும் அக்ரிலிக் பிசின்), 5 கிராமை 100 மி.லி. அசிட்டோனில் கரைத்து, மெல்லிய ஊசியால் விரிசலுக்குள் மட்டும் சொட்டு சொட்டாக விடுங்கள். வெளியே வழிந்தால் அசிட்டோன் பெயின்டைக் கரைத்துவிடும். துரு நிற்காது, உதிர்வது நிற்கும்.

பதில் 3:
ஜெர்மனியில் விற்பதானால் நாஜி சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கும் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவைக் கவனியுங்கள். கைப்பட்டையில் ஸ்வஸ்திகா இருந்தால் விளம்பரப் படத்தில் மறைத்துவிடுங்கள். பொம்மையில் சுரண்டி எடுத்தால் மதிப்பு போய்விடும்.